மலிவான எஃகு உறைத் தோட்டாக்களைக் கைத்துப்பாக்கியில் பயன்படுத்தலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவில் வாழும் வாசகர்கள் சிலர், முறையான உரிமையோடு துப்பாக்கி வைத்துக்கொண்டு சுடுதளங்களில் பயிற்சி செய்பவர்கள், ஏறக்குறைய ஒரே பொருளைப் பற்றி எழுதியிருப்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நான் டெக்சாஸில் ஹியூஸ்டன் அருகே வசிக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு 9 மில்லிமீட்டர் பிஸ்டல் வாங்கினேன். மாதம் இரண்டு முறை பயிற்சிக்குப் போகிறேன். உடன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், தம்மிடம் பல ஆண்டுகளாக இருக்கும் ரஷ்யத் தயாரிப்பான எஃகு உறைத் தோட்டாக்கள் ஆயிரத்தைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். தாம் பத்து ஆண்டுகளாக அதைத்தான் சுடுவதாகவும் ஒரு குறையும் வந்ததில்லை என்றும் உறுதி கூறுகிறார். துப்பாக்கிக் கடைக்காரரோ, "அதைப் போட்டால் குழல் பாழாகும், தோட்டா சிக்கிக்கொள்ளும்" என்று எச்சரிக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அண்ணனின் அனுபவம் அவருடைய துப்பாக்கிக்கு உண்மையாகத்தான் இருக்க வேண்டும். கடைக்காரரின் எச்சரிக்கையில் இரண்டு வேறு வேறு குறைகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.

ஒரு தோட்டா என்பது உறை, அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைக் கொளுத்தும் பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்தது. உறை, துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையிலேயே தங்கிவிடுகிறது. குண்டு மட்டுமே குழல் வழியாக வெளியே போகிறது. ஆகவே, தோட்டா சிக்கிக்கொண்டால் பழி பெரும்பாலும் உறைக்கு உரியது. குழல் தேய்ந்தால் பழி குண்டுக்கும், அதன் பின்னால் வரும் வெப்ப வாயுவுக்கும் உரியது. குண்டைச் சுழலவைக்கக் குழலின் உட்சுவரில் வெட்டிய சுழல்பள்ளங்களை எஃகு உறை தொடுவதே இல்லை.

முதலில் உறையைப் பார்ப்போம். வழக்கமான தோட்டா உறை, நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. மருந்து எரியும் கணத்தில் பித்தளை விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வழியாதபடி அடைத்துக்கொள்கிறது; அழுத்தம் தணிந்ததும் சுருங்கி விலகிக்கொள்கிறது. எஃகு பித்தளையைக் காட்டிலும் ஏறக்குறைய இருமடங்கு விறைப்பானது. அதனால் அது சுவரோடு ஒட்டுவதில் சற்றுப் பின்தங்குகிறது. விரிந்தபின் மீள்வதிலும் பின்தங்குகிறது. ஒட்டாத இடைவெளியில் புகையும் கரியும் புகுந்து அறையில் படிகின்றன; மீளாத உறையைப் பின்னுக்கு இழுக்க அதிக விசை வேண்டியிருக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒருமுறை ஒரே பிஸ்டலில் பித்தளைத் தோட்டா ஐம்பதைச் சுட்டு, அறையை நன்றாகத் துடைத்துவிட்டு, எஃகுத் தோட்டா ஐம்பதைச் சுட்டேன். பிறகு காலி உறைகளை ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டின்மேல் இரண்டு வரிசையாக அடுக்கினேன். பித்தளை உறைகளின் வாயோரத்தில் மை தீட்டினாற்போல ஒரு மெல்லிய கோடு மட்டுமே இருந்தது. எஃகு உறைகளிலோ கரி பாதி உயரம் வரை இறங்கியிருந்தது. பலவற்றில் ஒரு பக்கம் மட்டும் நாக்கு நீட்டியதுபோலக் கறுத்திருந்தது. துணியில் பதிந்த கறை துவைத்தும் போகவில்லை. அந்த ஐம்பதில் ஒன்றுகூடச் சிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

எஃகு உறையின்மேல் பூசிய அரக்கு சூட்டில் உருகி அறையில் பசையாக ஒட்டிக்கொள்வதால்தான் தோட்டா சிக்குகிறது என்று ஒரு பேச்சு நெடுநாளாக உலவுகிறது. இதை நான் ஏற்கவில்லை. அரக்குக்குப் பதில் பாலிமர் பூசியவற்றிலும், துத்தநாகம் பூசியவற்றிலும் அதே குறை தோன்றுகிறது. காரணம் மேலே சொன்ன கரிதான். இதில் ஒரு நுட்பம் உண்டு. எஃகுத் தோட்டாக்களை நிறையச் சுட்டுவிட்டு, துடைக்காமல் உடனே பித்தளைக்கு மாறும்போதுதான் சிக்கல் அதிகம் வருகிறது. நன்றாக விரியும் பித்தளை, கரி படிந்து சொரசொரப்பான சுவரை இறுகப் பற்றிக்கொண்டுவிடும். பாவம், அப்போது பழி பித்தளைக்குப் போகும்.

எஃகு உறை என்றாலே மட்டம் என்று நினைப்பதும் தவறு. இரண்டாம் உலகப் போரில் செம்புத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனி 9 மில்லிமீட்டர் தோட்டாக்களை எஃகு உறையில் செய்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எவான்ஸ்வில் நகரில் கிரைஸ்லர் கார் நிறுவனம் நடத்திய ஆலை, 300 கோடிக்கும் மேற்பட்ட .45 தோட்டாக்களை, பெரும்பாலும் எஃகு உறையிலேயே செய்து கொடுத்தது. சோவியத் நாடு 1951-இல் ஏற்றுக்கொண்ட மக்கரோவ் பிஸ்டலுக்கும் எஃகு உறைத் தோட்டா சாதாரணமான உணவாகவே இருந்துவந்தது. தக்க இடைவெளியோடு அறையும், உறையைத் தாராளமான விசையோடு வெளியே இழுக்கும் கொக்கியும் அமைந்த துப்பாக்கி எஃகு உறையைத் தயங்காமல் ஏற்கும் என்பதற்கு இவையே சான்று. 9 மில்லிமீட்டர் தோட்டாவின் வடிவமும் உங்களுக்குத் துணை செய்கிறது. அதன் உறை அடியில் 9.93 மில்லிமீட்டரும் வாயில் 9.65 மில்லிமீட்டருமாகச் சற்றே கூம்பியிருப்பதால், கொஞ்சம் நகர்ந்ததுமே சுவரிலிருந்து விடுபட்டுவிடுகிறது.

இனி குழல் தேய்வு. மலிவான ரஷ்யத் தோட்டாக்கள் பலவற்றில் குண்டின் ஈயத்தை மூடியிருக்கும் போர்வையும் மென்எஃகுதான். அதன்மேல் செம்பு மிக மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். இது செம்புப் போர்வையைவிடக் குழலை விரைவாகத் தேய்க்கும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் தோட்டா விற்கும் லக்கி கன்னர் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இன்றும் எல்லோராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒரே மாதிரியான நான்கு ஏஆர்-15 ரைஃபிள்களில், ஒன்றில் பித்தளையும் மற்ற மூன்றில் மூன்று வகை எஃகுத் தோட்டாக்களுமாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் சுடுவதாகத் திட்டமிட்டார்கள். துலா என்னும் ரஷ்ய நிறுவனத்தின் தோட்டாவைச் சுட்ட ரைஃபிள் இலக்கை எட்டாமலே பாதியில் நின்றது. எஃகுத் தோட்டாக்களைச் சுட்ட மற்ற இரண்டின் குழல்களும் பத்தாயிரத்துக்கு வெகு முன்பே தேய்ந்து குறி தவறலாயின. பித்தளைத் தோட்டாவைச் சுட்ட குழல் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

ஆனால் அது ரைஃபிள் என்பதைக் கடைக்காரர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். .223 ரைஃபிள் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. 9 மில்லிமீட்டருக்கு 35,000. அங்கே குண்டு நொடிக்கு மூவாயிரம் அடிக்கு மேல் பாய்கிறது. இங்கே பெரும்பாலும் 1,150 அடி அளவில் நின்றுவிடுகிறது. எரியும் மருந்தோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகையால் பிஸ்டல் குழலின் தேய்வு அவ்வளவு வேகமாக நடப்பதில்லை. மாதம் இருமுறை, முறைக்கு நூறு தோட்டா என்று சுட்டாலும் நீங்கள் அந்த ஆயிரத்தால் குழலைப் பாழாக்கிவிட முடியாது.

உங்கள் துப்பாக்கியில் முதலில் தேயக்கூடியது, காலி உறையின் விளிம்பைக் கவ்வி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் சிறு கொக்கி. அது கடினப்படுத்திய எஃகு, உறை மென்எஃகு. எனவே உடனே உடைந்துவிடாது என்றாலும், பித்தளையோடு பழகியதைவிடச் சீக்கிரம் முனை மழுங்கும். சில பத்து டாலரில் மாற்றிவிடக்கூடிய உறுப்பு அது. ஆயிரம் தோட்டாவுக்கு ஒருமுறை அதன் முனையை விளக்கொளியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே என் முடிவு இது: நல்ல நிலையில் உள்ள, இக்காலத் தயாரிப்பான 9 மில்லிமீட்டர் பிஸ்டலில், பயிற்சிக்கு மட்டும், எஃகு உறைத் தோட்டாக்களைச் சுடலாம். அதற்கு முன் கையேட்டைப் படியுங்கள். தயாரிப்பாளர் எஃகு உறை கூடாது என்று அச்சிட்டிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது, உத்தரவாதத்தை இழந்து சேமிக்கும் பணம் சேமிப்பாகாது. அனுமதி இருந்தால், அண்ணனிடம் முதலில் இரண்டு பெட்டி மட்டும் வாங்கிச் சுட்டுப் பாருங்கள். தூண்டும் விசையை இலகுவாக்குவதற்காக ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால், இத்தோட்டாக்களின் கடினமான பிரைமர் சில நேரம் முதல் அடியில் வெடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்த அண்ணனின் தோட்டாக்களைப் பற்றி எனக்கு உள்ள உண்மையான கவலை வேறு. ஹியூஸ்டன் கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர். பல ஆண்டுகள் கார்க் கொட்டகை போன்ற இடத்தில் கிடந்த எஃகு உறையில், பூச்சு கீறிய இடமெல்லாம் துரு பிடித்திருக்கும். பெட்டிக்குள் தோட்டாக்களை அடுக்கியிருக்கும் ஒவ்வொரு தட்டையும் வெளியே இழுத்துப் பாருங்கள். மேலோட்டமான நிறமாற்றம் பரவாயில்லை. நகத்தால் வருடினால் குழி தட்டுப்படும் துருவோ, நெளிவோ, குண்டு உள்ளே அமிழ்ந்த தடமோ இருந்தால் அதைச் சுடவே கூடாது. அசல் பெட்டியில் இல்லாத தோட்டாவையும் வாங்காதீர்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2021 ஆகஸ்டில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்து, செப்டம்பர் 7 முதல் நடப்புக்கு வந்த தடையால், ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடைப்பதில்லை. முன்பு கடைகளில் குவிந்து கிடந்ததால்தான் அவை மலிவு. இன்று கையிருப்பாக வருபவை பல நேரம் பித்தளையின் விலையை நெருங்கிவிடுகின்றன. அதோடு, சுட்ட பித்தளை உறையை, அதில் புது பிரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுநிரப்பு செய்பவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். எஃகு உறை குப்பைக்குத்தான் போகும். இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணனிடம் விலை பேசுங்கள்.

கேள்வி: நான் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறேன். நான் கொண்டுபோன தோட்டாக்களின் உறை பளபளக்கும் பித்தளை. ஆனாலும் சுடுதளத்தில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்து, "இது எஃகு, அனுமதி இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

பதில்: அவர்கள் காந்தத்தை எங்கே வைத்தார்கள் என்று கவனித்தீர்களா? உறையில் ஒட்டாமல் குண்டின் மூக்கில் ஒட்டியிருக்கும். உறை பித்தளையாகவே இருந்தாலும், குண்டின் போர்வை செம்பு பூசிய எஃகாக இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒரே செம்பு நிறம்; காந்தம் ஒன்றுதான் உண்மையைச் சொல்லும். எஃகு உறையில் செம்புப் போர்வைக் குண்டு வருவதும் உண்டு, பித்தளை முலாம் பூசிய எஃகு உறை வருவதும் உண்டு. ஆகவே ஒரு சிறு காந்தத்தைப் பையில் வைத்துக்கொண்டு, உறையையும் குண்டையும் தனித்தனியே சோதித்துப் பார்த்த பிறகு வாங்குவதே நல்லது.

சுடுதளத்தார் மறுப்பதற்குக் காரணங்கள் உள்ளன. எஃகுப் போர்வைக் குண்டு, குண்டுகளைத் தாங்கி நிறுத்தும் பின்தகட்டைக் குழிவிழச் செய்யும். உள்ளரங்கில் தீப்பொறி பறந்து, தரையில் சிந்திக் கிடக்கும் எரியாத மருந்துத் துகள் பற்றிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. தரையில் விழும் பித்தளையைப் பொறுக்கி விற்பது அவர்களுக்கு ஒரு வருமானம் என்பதால், அதில் எஃகு கலந்தால் பிரித்தெடுக்கும் வேலை கூடுகிறது. இந்தக் கடைசிக் காரணத்துக்காக மட்டும் எஃகு உறையைத் தடுக்கும் இடங்களில், அதைச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு மனக்கசப்பு வராது.

உங்கள் பகுதியில் வெட்டவெளியில் சுடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காய்ந்த புல்வெளியில் பாறையில் படும் எஃகு தீயை மூட்டக்கூடும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ரைஃபிள் குண்டுகளைக் கொண்டு நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு, எஃகுக் கூறு உள்ள குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் எளிதில் தீ மூட்டுவதைக் காட்டியது. கோடையில் பொதுநிலங்களில் இவ்வகைத் தோட்டாக்களுக்குத் தடை அறிவிக்கப்படுவதுண்டு, புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மாமனாரிடம் ஒரு பழைய .38 ரிவால்வர் உள்ளது. அதற்கு எஃகு உறை உகந்ததா?

பதில்: வேண்டாம். பிஸ்டலில் ஸ்லைடு என்னும் மேற்பகுதி பின்னுக்குப் பாயும் வேகமே உறையை இழுத்துவிடுகிறது. ரிவால்வரிலோ சுட்ட உறைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையின் தண்டை உள்ளங்கையால் அழுத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். .38 உறை 9 மில்லிமீட்டர்போலக் கூம்பியதன்று, நேரானது. எஃகு உறை இறுகிக்கொண்டால் வயதானவரின் கைக்கு அது அசையாது. கையால் முடியவில்லையே என்று சிலர் தண்டை மேசை விளிம்பில் தட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தண்டு வளைந்தால் சுழல் உருளையே திறக்காமல் போகும். மாமாவுக்குச் செலவைக் குறைக்க வேண்டுமென்றால், கிடைக்கும்போது அலுமினிய உறைத் தோட்டாவை வாங்கிக் கொடுங்கள். அதையும் மறுநிரப்பு செய்ய முடியாது, ஆனால் பயிற்சிக்கு நன்றாக உழைக்கும். அதற்கு முன் அந்தப் பழைய ரிவால்வரை ஒரு துப்பாக்கிப் பழுதுநீக்குநரிடம் ஒருமுறை காட்டிவிடுவது மிக அவசியம்.

கேள்வி: பயிற்சிக்கு வாங்கிய எஃகு உறைத் தோட்டாவையே வீட்டுப் பாதுகாப்புக்கும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. சுடுதளத்தில் ஒரு தோட்டா சிக்கினால் நிதானமாக எடுத்துவிட்டுத் தொடரலாம். நள்ளிரவில் குடும்பத்தின் உயிர் ஊசலாடும் நேரத்தில் அந்த அவகாசம் இல்லை. தவிர, மலிவுத் தோட்டாக்களில் பெரும்பாலும் முனை மூடிய குண்டுதான் வரும். அது இலக்கைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறையில் இருப்பவரையும் சென்றடையக்கூடும். பாதுகாப்புக்கென்று செய்யப்படும், முனையில் குழிவுள்ள ஹாலோ பாயிண்ட் தோட்டாக்கள் பலவற்றில் உறைக்கு நிக்கல் முலாம் பூசியிருப்பார்கள். அது வழுக்கிக்கொண்டு வரும், கறுக்காது, மங்கலான வெளிச்சத்தில் அறைக்குள் தோட்டா இருப்பதும் கண்ணுக்குத் தெரியும். வாங்கியவற்றில் கணிசமானவற்றை உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள். உங்கள் மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். நியூ ஜெர்சி போன்ற இடங்களில் இவ்வகைக் குண்டுகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன.

கேள்வி: எஃகு உறையை மறுநிரப்பு செய்ய முடியாதா?

பதில்: முயன்றவர்கள் உண்டு, நான் பரிந்துரைக்க மாட்டேன். எஃகு ஓரிரு முறை வளைந்ததுமே வாயில் விரிசல் விடும். மேலும் இவற்றில் பெரும்பாலானவை பெர்டான் வகை பிரைமர் கொண்டவை. பாக்ஸர் வகையில் உறையின் அடியில் நடுவே ஒரே துளை, ஊசியால் குத்திப் பழைய பிரைமரைத் தள்ளிவிடலாம். பெர்டானில் நடுவில் ஒரு சிறு முளையும் பக்கத்துக்கொன்றாக இரண்டு நுண்துளைகளும் இருப்பதால் ஊசி உடைந்துபோகும். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரையும், ரஷ்யா பெர்டானையும் தழுவிக்கொண்டன.

கேள்வி: எஃகு உறை அறையில் சிக்கிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: குழலை இலக்கின் திசையிலேயே வைத்து, விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவாக இருந்தால் குறைந்தது முப்பது நொடி அப்படியே காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது அரிது, ஆனால் உண்டு. பிறகு தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கழற்றுங்கள். சுடுதள அலுவலரைக் கையுயர்த்தி அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிக்கியிருப்பது காலி உறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால், ஸ்லைடைப் பின்னால் பூட்டிவிட்டு, குழலின் முன்புறமாக ஒரு மரக்குச்சியையோ பித்தளைத் துடைப்புக்கோலையோ நுழைத்து மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விழுந்துவிடும். உள்ளே குண்டோடு கூடிய முழுத் தோட்டா இருந்தால் எக்காரணம் கொண்டும் தட்டக் கூடாது. அதை அலுவலரிடமோ பழுதுநீக்குநரிடமோ ஒப்படைத்துவிடுங்கள். உறை வெளியே வந்தபின், அறைக்கென்று விற்கும் செம்புக்கம்பித் தூரிகையில் கரிநீக்கி எண்ணெயை நனைத்து, கரி வராத வரை சுழற்றித் துடைத்து, துணியால் உலர்த்திய பிறகே அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள்.